கஸீபோவோடு பறந்த கன்னிக்கால்

எங்கள் ஆட்களின் கல்யாணத்தில் தாய்மாமனுக்குப் பெரிய மரியாதை உண்டு என்று வெளியில் இருந்து பார்க்கிறவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் அது சம்பளம் இல்லாத கூலி வேலை. படம் எடுக்கும்போது மட்டும் முன்னுக்கு இழுத்து நிறுத்துவார்கள். மற்ற நேரமெல்லாம் மேசை கதிரை தூக்க வேண்டும், ஐயரை ஸ்டேஷனில் இருந்து ஏற்றி வர வேண்டும், யாரோ மறந்துவிட்ட வெற்றிலைக்குக் கடைக்கு ஓட வேண்டும். என் அக்காவின் மகளுக்குக் கல்யாணம் முற்றானபோது, ஐம்பத்திரண்டு வயதில், பழுதான முதுகோடு, நான் இந்தப் பதவிக்குப் போட்டியின்றித் தெரிவானேன். அக்காவுக்கு வேறு தம்பிமார் இல்லை.

அக்காவின் வீடு லண்டனின் கிழக்கில், செவன் கிங்ஸில். மாப்பிள்ளை வீடு ஹவுன்ஸ்லோவில், அதாவது நகரத்தின் மேற்கு அந்தத்தில். மண்டபம் வெம்பிளியில். எந்தப் பக்கத்தாருக்கும் வசதிப்படாத இடமாகப் பார்த்து எடுத்ததால் இரண்டு பக்கமும் சண்டை பிடிக்கவில்லை.

ஒக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். அதற்கு முந்திய புதன்கிழமை ஹவுன்ஸ்லோவில் பொன்னுருக்கல். தாலிக்கான பொன்னை நல்ல நேரம் பார்த்து உருக்குகிற சடங்கு. அது முடிந்த கையோடு இரண்டு வீட்டிலும் கன்னிக்கால் ஊன்ற வேண்டும். கல்யாணப் பந்தலுக்கு நடுகிற முதல் கால் என்று வைத்துக்கொள்ளுங்கள். பச்சைக் கொப்பு ஒன்றை வீட்டு வளவின் வடகிழக்கு மூலையில் நட்டு, மாவிலையும், மஞ்சள் துணியில் முடிந்த காசும் கட்டிவிடுவார்கள். கல்யாணம் முடிந்து நாலாம் நாள்வரை அது விழாமல் நிற்க வேண்டும். விழுந்தால் என்ன நடக்கும் என்று யாரும் எங்கும் எழுதிவைத்ததாகத் தெரியவில்லை. ஆனால் என்ன கதைப்பார்கள் என்று எங்கள் சனத்தில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும்.

முறைப்படி அது முள்முருக்கம் கொப்பாக இருக்க வேண்டும். செவன் கிங்ஸில் முள்முருக்குக்கு நான் எங்கே போவது? ஐயருக்கு போன் எடுத்தேன்.

"பச்சையா நிண்டாக் காணும் தம்பி. நான் இப்ப காரில போய்க்கொண்டிருக்கிறன், பிறகு கதைக்கிறன்" என்று சாஸ்திரத்தை ஒரே வரியில் முடித்துவிட்டார். என் வீட்டு வேலியோரம் ஒடுங்கிய இலைகளோடு ஒரு மரம் நிற்கிறது. பன்னிரண்டு வருடமாக அதன் பெயர் எனக்குத் தெரியாது, என் பெயர் அதற்குத் தெரியாது. அதில் ஒரு கொப்பை வெட்டினேன்.

அடுத்த சிக்கல் நிலம். அக்காவின் பின்வளவில் ஒரு பிடி மண் கிடையாது. மூன்று வருடத்துக்கு முன் வேலி தொடக்கம் வாசல்வரை கல் பதித்தாயிற்று. "புல்லு வெட்டுற கரைச்சல் இல்லை, கதிரையைப் போட்டிட்டு இருக்கலாம்" என்று அந்த யோசனையைச் சொன்ன அறிவாளி யார் என்று கேட்காதீர்கள். அவர்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறார்.

ஆகவே பெரிய பெயின்ற் வாளி ஒன்றைக் கழுவி எடுத்துக்கொண்டு, அதை நிரப்பக் கடைக்குப் போனேன். ஒரு பக்கத்தில் மணல் மூட்டைகள். ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன்; அது தூக்குவதற்குச் சம்மதிக்கவில்லை. மறுபக்கத்தில் அதே பருமனில் பூச்சாடிக்குப் போடுகிற மண். பஞ்சு மாதிரி. தூக்குவதற்கு இலகு என்று பையிலேயே பெருமையாகப் போட்டிருந்தார்கள். வாளிக்குள் நிற்கப்போகிற கொப்புக்கு எது நல்லது என்று மூளை யோசிக்கத் தொடங்குமுன்னமே முதுகு முடிவெடுத்துவிட்டது. புதன்கிழமை மத்தியானம் அந்தப் பஞ்சு மண்ணில் கொப்பை நட்டு, வாளியைச் சிவப்புத் துணியால் சுற்றிக் கௌரவமாக்கி, படம் எடுத்து வாட்ஸ்அப்பில் இரண்டு குடும்பத்துக்கும் அனுப்பினேன். எல்லாரும் கைகூப்பிய குறிகளை அனுப்பினார்கள்.

அக்கா மட்டும் கொப்பை மெல்லத் தொட்டுப் பார்த்தாள்.

"ஆடுதடா."

"எல்லாம் ஆடும் அக்கா. லண்டனில பாலமே ஆடுது."

அவள் சிரிக்கவில்லை. அவளுடைய பயத்துக்குக் காரணம் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் அவளுடைய மகளுக்கு, அதாவது என் மருமகளுக்கு, வேறோர் இடத்தில் சம்பந்தம் பேசி, நிச்சயதார்த்தம்வரை போனது. அன்றைக்கு மேடையில் குத்துவிளக்கின் ஒரு திரி அணைந்துபோனது. விளக்குக்கு நேர் மேலே ஏசி. அதை ஓடவிட்டது யாரென்று ஒருவரும் கேட்கவில்லை. விளக்கு நூர்ந்ததை மட்டும் எல்லாரும் கண்டார்கள். அந்தப் பக்கத்துப் பெரியம்மா ஒருவர் தொடக்க, மூன்று மாதமாக அது வளர்ந்து, கடைசியில் "எங்களுக்கு மனம் சரிவரேல்லை" என்று விலகிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு என் மருமகள் ஒரு மாதம் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு இருந்தாள். அக்கா அந்தக் கதவுக்கு வெளியில் சாப்பாட்டுக் கோப்பையோடு நின்றதை நான் பார்த்திருக்கிறேன். இந்த முறை எவர் வாயிலும் எதுவும் விழக்கூடாது என்பதுதான் அவளுடைய ஒரே வேண்டுதல். அதிலும் ஹவுன்ஸ்லோச் சம்பந்தி, மாப்பிள்ளையின் தாய், சகுனம் பார்க்கிறவ என்று அவளுக்குச் சொல்லப்பட்டிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை என் போன் மஞ்சள் எச்சரிக்கை காட்டியது. என்னிடம் வானிலைக்கு மூன்று செயலிகள் இருக்கின்றன. மூன்றும் ஒத்துப்போனால்தான் நம்புவது என்று ஒரு கொள்கை வைத்திருந்தேன். மூன்றும் ஒரு நாளும் ஒத்துப்போனதில்லை, நானும் ஒரு நாளும் குடை கொண்டுபோனதில்லை. அன்றைக்கு மூன்றும் ஒரே குரலில் சொல்லின: மேற்கில் இருந்து குளிர்காற்று ஒரு சுவர் மாதிரி வருகிறது, அதன் முன்விளிம்பில் இடிமுகில்கள் வரிசை கட்டி நிற்கின்றன, அந்த வரிசை தலைக்கு மேலால் போகிற பத்து நிமிடத்தில் கூரை ஓடு, வேலி, மரம் எதையும் அடித்துப் போடக்கூடிய காற்று வரும்.

அக்காவிடம் விஷயத்தைப் பக்குவமாகச் சொன்னேன்.

"மஞ்சளே? அப்ப நல்லதுதானே."

"அக்கா, அது வேற மஞ்சள்."

அவள் முகம் மாறிவிட்டது. அன்று பின்னேரம் ஐந்து மணிக்குத்தான் சம்பந்தி வருவதாக இருந்தது, கூறைச் சேலையின் பிளவுஸைத் தைப்பித்து எடுத்துக்கொண்டு. அத்தான் மண்டபக்காரரோடு கதிரைக் கணக்குப் பார்க்க வெம்பிளிக்குப் போய்விட்டார். வீட்டில் ஆண்பிள்ளை என்று நான் மட்டும்.

"கொப்பை உள்ளுக்குக் கொண்டுவருவமே?" என்றேன்.

"ஊண்டினதைப் பிடுங்கிறதோ? உனக்கென்ன விசரே?"

இங்கே கஸீபோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாலு இரும்புக் கால், மேலே துணிக்கூரை, மடக்கி விரிக்கிற பந்தல். குசினிக்குள் பலகாரம் பொரித்தால் எண்ணெய் மணம் அலுமாரிக்குள் இருக்கிற பட்டுச் சேலைவரை ஏறிவிடும் என்று, பொரிப்பதற்காகப் பின்வளவில் அதை விரித்திருந்தோம். கல் பதித்த நிலத்தில் முளை அடிக்க முடியாதாகையால் ஒவ்வொரு காலுக்கும் ஒரு பத்துக் கிலோ அரிசி மூட்டையைக் கட்டியிருந்தேன். அதுவும் என் யோசனைதான். அந்த வளவில் நல்ல யோசனைகளுக்குத் தட்டுப்பாடே இருக்கவில்லை.

நான் நைலோன் கயிறு எடுத்தேன். கன்னிக்காலைக் கஸீபோவின் இரும்புக் காலோடு சேர்த்து வைத்து, அடியில் இருந்து நுனிவரை ஒன்பது முடிச்சுப் போட்டேன்.

"என்னடா செய்யிறாய்?"

"பாதுகாப்பு."

"கொப்பை உதோட கட்டினா, உது போகேக்க கொப்பும் போகுமெல்லே?"

"அக்கா, உது இரும்பு. இரும்பு எங்க போறது?"

மேல்மாடி ஜன்னலில் மருமகள் தலை தெரிந்தது. கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போதும் லப்டொப்பில் வேலை செய்துகொண்டிருந்தாள்.

"மாமா," என்றாள், "ஃபிசிக்ஸ்."

"நீ மணப்பொம்பிளை. உள்ள போய் வடிவா இரு" என்றேன்.

மத்தியானம்வரை ஒக்டோபருக்குப் பொருந்தாத ஒரு புழுக்கம். தெற்கில் இருந்து ஈரக்காற்று. மூன்று மணி கழிய மேற்கு வானம் கரும்பலகை மாதிரி வந்தது. வெளிச்சம் ஊறுகாய்ப் போத்தலுக்குள்ளால் பார்க்கிற நிறத்துக்கு மாறியது. புகைபோக்கிகளில் இருந்த புறாக்களில் ஒன்றையும் காணவில்லை. அவை செயலி இல்லாமலே விஷயத்தை அறிந்திருந்தன. நான் கஸீபோவுக்குக் கீழே கைகட்டி நின்றேன். பயமில்லாமல் நின்றேன் என்று சொல்ல ஆசை. உண்மையில் அக்கா பின்கதவுக் கண்ணாடியால் பார்த்துக்கொண்டிருந்ததால் ஓட முடியவில்லை.

மூன்றரைக்கு அது வந்தது. முதலில் சத்தம்தான் வந்தது, பக்கத்துத் தண்டவாளத்தில் நிற்காமல் போகிற ரயில் மாதிரி. அது ரயில் இல்லை என்று விளங்கியபோது மழை நிலத்துக்குச் சமாந்தரமாக என் காதுக்குள் போய்க்கொண்டிருந்தது. இடி எங்கோ அல்ல, இந்த வளவிலேயே இடித்தது. வேலிப் பலகையில் இரண்டு படுத்துக்கொண்டன. கஸீபோ ஒருமுறை மூச்சை உள்ளே இழுத்து வயிற்றை ஊதியது. பிறகு வெள்ளத்தில் இறங்குகிறவள் சேலையைத் தூக்குவது மாதிரி நாலு காலையும் பக்குவமாகத் தூக்கியது. ஒரு மூட்டையைத் தவிர மற்ற அரிசியெல்லாம் வெடித்துப் பறந்தது. மணமக்களுக்குப் போட வேண்டியது எல்லாம் என் தலையில் விழுந்தது.

நான் பாய்ந்து கன்னிக்காலைப் பிடிக்கப் போனேன். அகப்பட்டது வாளி. கட்டிப்பிடித்துக்கொண்டு குப்புற விழுந்தேன். நிமிர்ந்து பார்த்தால் என் மார்போடு வாளி இருக்கிறது, வாளிக்குள் ஒன்றுமில்லை. முள்ளங்கி பிடுங்குவது மாதிரி கொப்பை உருவிக்கொண்டு கஸீபோ வேலியைத் தாண்டிவிட்டது. பட்டத்தின் வால் மாதிரி எங்கள் கன்னிக்கால் அதன் பின்னால் ஆடி ஆடிப் போனது. மாவிலையும் மஞ்சள் துணியும்கூடத் தெரிந்தன. நான் போட்ட ஒன்பது முடிச்சில் ஒன்றாவது அவிழ வேண்டுமே? என் வாழ்நாளில் நான் உறுதியாகச் செய்த ஒரே வேலை அதுதான்.

எட்டு நிமிடம் இருக்கும். பிறகு ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி வெயில் எறித்தது. ஆனால் வெயிலில் சூடில்லை. பத்து நிமிடத்துக்குள் மாசி மாதம் வந்துவிட்டது போல் பல்லுக் கிடுகிடுத்தது.

அக்கா வெளியே வந்தாள். ஈரக் கல்லில் பரவிக் கிடந்த அரிசியை மிதிக்காமல் ஒதுங்கி ஒதுங்கி நடந்து, கவிழ்ந்து கிடந்த எண்ணெய்த் தகரத்தின் மேல் இருந்தாள்.

"கஸீபோ போயிட்டுதே?"

"ஓம்."

"கொப்பும்?"

"ஓம் அக்கா."

ஏச்சுக்கு நான் ஆயத்தமாக நின்றேன். அவள் ஏசவில்லை, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மெல்லிய குரலில், "பிள்ளைக்குச் சொல்லாத" என்றாள்.

மேலே இருந்து பதில் வந்தது. "அம்மா, நான் பாத்தனான். இட்ஸ் ஓகே. இட்ஸ் ஜஸ்ட் வெதர்."

"நீ ஒண்டும் பாக்கேல்லை! ஜன்னலைச் சாத்து!" என்று அக்கா கத்தினாள். பிறகு என் பக்கம் திரும்பி, "அஞ்சு மணிக்கு அந்த மனிசி வந்திடும். அதுக்குக் கன்னிக்கால் விழுந்த கதை தெரியவே கூடாது. உன்ர கையைப் பிடிச்சுக் கேக்கிறன்" என்றாள். உண்மையாகவே கையைப் பிடித்தாள்.

நான் தெருவுக்கு ஓடினேன். கஸீபோவைத் தேடத் தேவையிருக்கவில்லை. பின்தெருவில் நிறுத்தியிருந்த ஒரு வெள்ளை வான் வண்டிக்கு மேலே கால் முறிந்த நுளம்பு மாதிரிக் குந்தியிருந்தது. கொப்பு மூன்று துண்டு. முடிச்சுகள் ஒன்பதும் சுகமாக இருந்தன. மஞ்சள் துணியையும் காசையும் அறுத்து எடுத்துக்கொண்டேன்.

தெருவோரத்து மரங்கள் பாதி வீதியில் கிடந்தன. உள்ளங்கை அகல இலைகளோடு என் உயரத்துக்கு ஒரு நல்ல கொப்பைத் தெரிந்து தூக்கினேன். எதிர்வீட்டு வெள்ளைக்கார மனிதர் வாசலுக்கு வந்து, ரோட்டைத் துப்புரவாக்குவதற்காக எனக்கு நன்றி சொன்னார். உங்களைப் போன்ற ஆட்கள் இப்போது குறைவு என்றும் சொன்னார். இவ்வளவையும் கேட்டுவிட்டு ஒரு கொப்போடு நடையைக் கட்டினால் என்ன நினைப்பார்? பிடித்திருந்த முதுகோடு இன்னும் நாலு கொப்பை ஓரத்துக்கு இழுத்துப் போட்டுவிட்டுத்தான் வந்தேன்.

வாளிக்குள் இருந்த பஞ்சு மண் முழுவதும் காற்றோடு போய்விட்டதால், வெடிக்காமல் மிஞ்சிய அரிசி மூட்டையை உள்ளே கொட்டி அதில் கொப்பை நட்டேன்.

"அரிசியிலயே நட்டனீ?" என்றாள் அக்கா.

"அட்சதைதானே அக்கா."

"ஐயோ கடவுளே, ஏன் எனக்கு ஒரு தம்பியைத் தந்தாய்" என்றபடி மஞ்சள் துணியைப் பிழிந்து கட்டினாள். காசு உள்ளேதான் இருந்தது.

ஐந்து மணிக்குச் சம்பந்தி வந்தார். அறுபது வயது மனிசி, ஹவுன்ஸ்லோவில் இருந்து தனியாகத் தன் சின்னக் காரை ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். கார் முழுக்க இலை ஒட்டியிருந்தது. பிளவுஸ் பையை அக்காவிடம் கொடுத்தார். தேத்தண்ணி வேண்டாம் என்றார். சோபாவின் நுனியில்கூட இருக்கவில்லை.

"கன்னிக்காலை ஒருக்காக் கும்பிட்டிட்டு வாறன்" என்றார்.

அக்கா என்னைப் பார்த்த பார்வையில் எனக்குத் தெரிந்த அத்தனை தெய்வங்களும் இருந்தன. "தம்பி கூட்டிக்கொண்டு போவான். நான் தேத்தண்ணி ஊத்திறன்" என்று குசினிக்குள் போய்விட்டாள்.

பின்வளவில் பாதி வேலி இல்லை, கஸீபோ இல்லை, நிலமெல்லாம் அரிசி. இதற்கு நடுவில் கன்னிக்கால் மட்டும் குளித்து முழுகிய மாதிரி நின்றது. அந்த மனிசி கும்பிடவில்லை. கிட்டப் போய் ஓர் இலையைப் பிடித்து விரித்துப் பார்த்தார்.

"புதன்கிழமை அனுப்பின படத்தில ஒடுங்கின இலையெல்லே?"

"அது... விரிஞ்சிட்டுது அக்கா. மழை பட்டதுதானே."

"ரெண்டு நாளில?"

"லண்டன் மழை."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். என் தலைமயிருக்குள் அப்போதும் அரிசி இருந்தது. பிறகு குரலைத் தாழ்த்தி, "தம்பி, உள்ளதைச் சொல்லுங்கோ. எத்தினை மணிக்கு விழுந்தது?" என்றார்.

பொய்யில் எனக்கு அனுபவம் உண்டு, ஆனால் தேர்ச்சி கிடையாது. "மூண்டரைக்கு" என்றேன்.

"எங்களுக்கு மூண்டுக்கு முந்தியே."

எனக்கு விளங்கச் சில நொடி பிடித்தது. மேற்கில் இருந்து வந்த காற்று. செவன் கிங்ஸுக்கு வருமுன் ஹவுன்ஸ்லோவால்தானே வர வேண்டும்.

அவர் எண்ணெய்த் தகரத்தில் இருந்தார், அக்கா இருந்த அதே மாதிரி. "பூச்சாடியோட சரிஞ்சு, கொப்பு ரெண்டா முறிஞ்சிட்டுது. மனிசனுக்கும் சொல்லேல்லை, மகனுக்கும் சொல்லேல்லை. உங்கட அக்கா சகுனம் பாக்கிறவ எண்டு கேள்வி. முதல் சம்பந்தம் குழம்பினதும் எனக்குத் தெரியும். இது தெரிஞ்சா அவ பயந்திடுவா, பிள்ளையும் பயந்திடும். இஞ்ச நிக்கிறது நிண்டாக் காணும், அதைப் பாத்திட்டுப் போய் ஆறுதலா நித்திரை கொள்ளுவம் எண்டுதான் ஓடி வந்தனான்."

"அக்கா சகுனம் பாக்கிறவ எண்டு ஆர் சொன்னது?" என்று கேட்டேன்.

"நீங்கள்தான்."

அது உண்மை. சம்பந்தம் பேசுகிற நாட்களில், எங்கள் பக்கத்தைக் கொஞ்சம் கவனமாக நடத்தட்டும் என்று அவருக்கு அப்படிச் சொல்லியிருந்தேன். அக்காவும் கவனமாக இருக்கட்டும் என்று அவளுக்கும் அவரைப் பற்றி அதையே சொல்லியிருந்தேன். இரண்டு மனிசிகளும் என் புண்ணியத்தில் ஆறு மாதமாக ஒருவரை ஒருவர் நினைத்து நடுங்கிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"தம்பி, உதில ஒரு பாதி தருவியளே? ரெண்டு வீட்டிலயும் ஒரே கொப்பு நிண்டா, பிறகு ஆரும் ஆரையும் குறை சொல்ல ஏலாது. ஆனா அக்காவுக்குத் தெரிய வேண்டாம்."

நான் அத்தானின் மரம் அறுக்கிற வாளை எடுத்துக்கொண்டு, கொப்பை வீட்டுப் பக்கத்துச் சந்துக்குள் கொண்டுபோய் அறுக்கத் தொடங்கினேன். சம்பந்தி மற்ற நுனியைப் பிடித்துக்கொண்டு காவலுக்கு நின்றார். ஒருவருக்குத் தெரியாமல் மரம் அறுப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் அறிந்தேன். அந்தச் சந்துக்குள்தான் குசினி ஜன்னல் இருக்கிறது என்பதும், அது திறந்திருந்தது என்பதும், பின்வளவில் கதைத்ததெல்லாம் அதற்குள்ளால் கேட்டிருக்கும் என்பதும், அறுத்து முடிகிற நேரத்தில்தான் என் மண்டையில் பட்டது.

அக்கா பின்கதவால் வந்தாள். கையில் தேத்தண்ணி இல்லை. ஒரு செம்பில் பால். கன்னிக்கால் ஊன்றும்போது அதன் தலையில் பால் வார்ப்பது வழக்கம். எங்கள் திருட்டுக் கொப்புக்கு அது நடந்திருக்கவில்லை.

"பால் வாக்காமலே குடுத்து விடப்போறாய்?" என்று என்னைக் கேட்டாள். பிறகு சம்பந்தியைப் பார்த்தாள். காலையில் இருந்து கல்லாக இருந்த அக்காவின் முகத்தில் ஏதோ தளர்ந்தது.

"உங்களுக்கு மூண்டு மணிக்கு முந்தியோ?"

"ஓம் தங்கச்சி. மூண்டாகேல்லை."

"அப்ப உங்கடதுதான் முதல் விழுந்தது" என்றாள் அக்கா.

சம்பந்தி சிரிக்கத் தொடங்கினார். அக்காவும் சிரித்தாள். இரண்டு வருடத்துக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்ததை நான் பார்த்தேன், சுவரில் கைவைத்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு. மேலே ஜன்னல் திறந்து, "வாட்ஸ் கோயிங் ஒன்?" என்று மருமகள் கேட்டாள்.

"நிமித்திப் பிடியடா" என்றாள் அக்கா. நான் இரண்டு பாதியையும் இரண்டு கையில் நிமிர்த்திப் பிடித்தேன். இரண்டு தாய்மாரும் செம்பில் சேர்த்துக் கைவைத்துப் பாலை வார்த்தார்கள். சிரித்துக்கொண்டு வார்த்ததால் பாதி கொப்பில் விழுந்தது, மீதி என் சேர்ட் கைக்குள்ளால் இறங்கி முழங்கைவரை ஓடியது. ஃபிரிட்ஜில் இருந்து எடுத்த பால்.

"ஆட்டாத" என்றாள் அக்கா.

நான் ஆட்டவில்லை.